நேர்மின்வாய்

கப்பல் நள்ளிரவில் வந்து சேர்ந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு போர்வைகள்,
கீலுக்கும் கிளைப்பெடாவுக்கும் நடுவே
லாரி ஓட்டிகள் போர்த்திப் புரண்டவை.
எல்லாம் பாலியெஸ்டர். எல்லாம் சாம்பல் நிறம்.
ஒன்றில் மட்டும் காபிக் கறை,
ஏதோ ஒரு தீவின் வரைபடம் மாதிரி.

துவைத்த தண்ணீர்
குழாய் வழியே நிலவறைக்கு இறங்குகிறது.
அள்ளிப் பார்த்தால் தண்ணீர்தான்.
குவளையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தால்
உள்ளே என்னவோ திரிகிறது,
வெயில் விழுந்த அறையில் தூசு திரிவதுபோல.
மீனின் செவுளுக்கு இதைத் தெரியும்.
சல்லடைக்குத் தெரியாது.

எட்டு அலுமினியத் தகடுகள்
ஒன்றை ஒன்று பார்த்தபடி தொட்டியில் நிற்கின்றன.
வைதிலே விசையைத் திருப்புகிறாள்.
பன்னிரண்டு வோல்ட், நாற்பது ஆம்பியர்.
சத்தமே இல்லை.
கொஞ்ச நேரம் ஒன்றும் நடவாததுபோல் இருந்துவிட்டு
உலை கொதிக்குமுன் அடியில் கிளம்புமே,
அப்படிப் பொடிக் குமிழிகள்.

தகடு கரைந்து பஞ்சாகத் திரள்கிறது.
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
சேரவே சேராமல் அலைந்த இழைகள்
அந்தப் பஞ்சில் போய்ச் சிக்குகின்றன.
குமிழி தூக்கிக்கொண்டு மேலே வருகிறது.
அரை மணியில் தொட்டி முழுக்க
பாலின் மேல் படிவதுபோல் ஆடை.
ஆடையிலிருந்து வந்தது
ஆடையாகவே படிகிறது.

நான்கு தகடுகளுக்கு
என் மொழியில் நேர்மின்வாய் என்று பெயர்.
வாய் என்கிறோம்.
இங்கே தின்னப்படுவது அதுதான்.
மாட்டியபோது ஒவ்வொன்றும் இரண்டு கிலோ.
ஆறு வாரம் கழித்துத் தராசில் வைக்கிறாள்:
எண்ணூற்றுச் சொச்சம் கிராம்.
விளிம்பெல்லாம் பூச்சி அரித்த இலை.

புதுத் தகடு கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று.
வித்மந்தாஸ் மாடியிலிருந்து சொல்லியனுப்பினான்:
மின்கட்டணம் பார்த்தாயா,
சோதனைக்கு ஆள் வருவது மாதத்தில் ஒரு செவ்வாய்,
மற்ற நாளெல்லாம் அணைத்து வை.

இன்று செவ்வாய் இல்லை.
பதிவேட்டில்
'அணைக்கப்பட்டது' என்று எழுதுகிறாள்,
அச்சுப் போன்ற கையெழுத்தில்.
அவள் முதுகுக்குப் பின்னால்
குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

வழித்த ஆடை நீல டிரம்முக்குப் போகிறது.
டிரம் வியாழக்கிழமை லாரிக்குப் போகிறது.
லாரி எங்கே போகிறது என்று கேட்டேன்.
எரிக்கிறார்களாம், என்றாள்.
அந்த 'ஆம்' நெடுநேரம் நிலவறையில் நின்றது.

விடியுமுன் கடற்கரை.
மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்து ஓய்ந்திருந்தது.
கடல் கக்கிய பாசியில் அம்பர் தேடுகிறவர்கள்
ரப்பர் பூட்ஸும் ஊதா விளக்குமாய்
குனிந்தபடி நடக்கிறார்கள்.
அந்த விளக்கில் அம்பர் ஒளிரும்.
பிளாஸ்டிக்கும் ஒளிரும்.
ஸெனோனாஸ் ஊசியை லைட்டரில் சுட்டு
ஒவ்வொன்றையும் குத்தி முகர்கிறார்.
பைன் மரம் மணந்தால் வலது பை.
மற்றதெல்லாம் இடது பை.
கனத்துத் தொங்குவது இடதுதான்.

வலது பையிலிருந்து ஒன்றை எடுத்து
வைதிலேக்குக் கொடுத்தார். பட்டாணி அளவு.
பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல
அவள் அதைச் சட்டைக்கையில் பரபரவென்று தேய்த்துத்
தூக்கிப் பிடித்தாள்.
இழைகள் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டன.

சிவப்பு.
அவள் ஜாக்கெட்டின் சிவப்பு.
தள்ளுபடியில் வாங்கியது, பதினாறு யூரோ.

ஊதிவிட வாயைக் குவித்தாள்.
காற்று திசை மாறி
இப்போது கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.
வாயை மூடிக்கொண்டாள்.